ரவுஸ் ஹில் பண்ணை வீடு: கிழிந்த திரைச்சீலையைப் பார்க்க டிக்கெட் எதற்கு?

ஸ்கோஃபீல்ட்ஸ்வாசி எழுதியது:

சென்ற வார இறுதியில் பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு, சிட்னியின் வடமேற்கில் அருங்காட்சியகமாக இருக்கும் ரவுஸ் ஹில் பண்ணை வீட்டுக்குப் போயிருந்தேன். ஒன்பது ஆண்டுகளாக வின்ட்சர் சாலையில் அந்த மேட்டைக் கடந்துதான் வேலைக்குப் போய்வருகிறேன். ஒரு நாளும் உள்ளே நுழைந்ததில்லை.

ஏமாற்றம் என்று சொல்லமாட்டேன், ஆனால் குழம்பிப்போய் வந்தேன். வெளியே இருந்து பார்த்தால் கம்பீரமான மணற்கல் வீடு. உள்ளே போனால் வெயிலில் வெளிறிய சுவர்த்தாள், நைந்த திரைச்சீலை, மூலைக்கு மூலை பழைய சாமான். வழிகாட்டி அம்மையார் முன்னால் போக நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் போனோம். எதையும் தொடக்கூடாது. என் இளையவன் என் காதருகே வந்து, "அப்பா, இவர்கள் ஏன் வீட்டைச் சுத்தம் செய்யவில்லை?" என்று கேட்டான். எனக்கும் பதில் தெரியவில்லை.

பக்கத்து வீட்டு நண்பரிடம் சொன்னபோது சிரித்தார். "இந்த வட்டாரத்தில் ஒரு மனைக்கு என்ன விலை என்று தெரியுமா? யாரோ ஒரு வெள்ளைக்காரப் பண்ணையாரின் வீட்டுக்காக இவ்வளவு நிலத்தைப் பூட்டி வைத்திருக்கிறார்கள்" என்றார். அந்தக் கேள்வி இரண்டு நாளாக மண்டையைக் குடைகிறது. முன்னோடிக் குடும்பத்தின் வீடு என்பதைத் தாண்டி அதில் மதிப்பு என்ன இருக்கிறது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கணக்கர் எழுதியது:

உங்கள் நண்பர் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. அந்த வீட்டின் முதல் சொந்தக்காரர் ரிச்சர்ட் ரவுஸ் 1801-இல் இங்கிலாந்திலிருந்து குடும்பத்தோடு கப்பலேறி வந்தவர். பரமட்டாவில் அரசுக் கட்டடப் பணிகளுக்கு மேற்பார்வையாளர் ஆனார். ஆளுநர் மக்குவாரி 450 ஏக்கரைத் தூக்கிக் கொடுத்தார். வீட்டைக் கட்டியது பிரிட்டனிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகளின் உழைப்பு. ஆக, நிலம் இலவசம், கூலியும் ஏறக்குறைய இலவசம். இதில் நாம் வியந்து நிற்பதற்கு என்ன இருக்கிறது?

உழைத்தவர்களின் குடிசைகள் எங்கேயும் நிற்பதில்லை. முதலாளியின் வீடு மட்டும் இருநூறு ஆண்டு நிற்கும், அதற்குப் பெயர் பாரம்பரியம். வாடகை கொடுக்க முடியாமல் ஊரே தவிக்கும்போது நமது வரிப்பணம் சுவர்த்தாளுக்குப் போகிறது.

---

சுண்ணாம்புக்காரர் எழுதியது:

ஸ்கோஃபீல்ட்ஸ்வாசி, உங்கள் மகன்தான் சரியான கேள்வி கேட்டிருக்கிறான். பழைய கல்வீடுகளைப் பழுதுபார்ப்பது என் தொழில் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வீட்டை வேண்டுமென்றேதான் சுத்தம் செய்யவில்லை. 1813 வாக்கில் தொடங்கி 1818 வாக்கில் கட்டி முடித்த வீடு அது. அன்றிலிருந்து ஒரே குடும்பத்தின் ஆறு தலைமுறை அங்கே வாழ்ந்தது. கடைசியாக இருந்தவர் 1990-களில்தான் வெளியேறினார். ஒவ்வொரு தலைமுறையும் தன் பங்குக்கு எதையாவது சேர்த்தது. முன்புறத்து வராந்தா ஆதியில் கிடையாது, பின்னால் வந்தது. பின்புறம் நிற்கும் செங்கல் குதிரை லாயம் 1876-இல் ஜான் ஹோர்பரி ஹன்ட் என்ற கட்டடக் கலைஞர் வரைந்தது. இப்போது "பழைய நிலைக்குத் திருப்புகிறேன்" என்று ஒருவர் சுத்தியலை எடுத்தால் எந்த ஆண்டுக்குத் திருப்புவார்? 1818 என்றால் வராந்தாவையும் லாயத்தையும் இடிக்க வேண்டும். 1876 என்றால் அதன்பின் நூறு ஆண்டு வாழ்ந்தவர்களைத் துடைத்தெறிய வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் இதற்கென்று ஒரு நெறிமுறை இருக்கிறது. தென் ஆஸ்திரேலியாவின் பர்ரா என்ற பழைய செம்புச் சுரங்க ஊரில் 1979-இல் ஏற்றுக்கொள்ளப்பட்டதால் பர்ரா சாசனம் என்பார்கள். அதன் சாரம் ஒரு வரி: தேவையான அளவு மாற்று, முடிந்த அளவு குறைவாக மாற்று. ரவுஸ் ஹில்லில் அந்த வரியை அதன் எல்லை வரைக்கும் கொண்டுபோயிருக்கிறார்கள். கூரை ஒழுகாமல், கல் உதிராமல், துணி மேலும் நையாமல் பார்த்துக்கொள்வார்கள். புதிதாக்க மாட்டார்கள்.

சும்மா விட்டுவிடுவதுதானே, சுலபம் என்று நினைக்கவேண்டாம். மணற்கல் தண்ணீரைக் குடிக்கும். குடித்ததை வெளியே விட வேண்டும். கல்லுக்கு நடுவே இருக்கும் சுண்ணாம்புச் சாந்து கல்லைவிட மென்மையானது, அதன் வழியாக ஈரம் வெளியேறும், உப்பும் அங்கேதான் பூக்கும். காலப்போக்கில் சாந்து உதிர்ந்தால் புதிதாகப் பூசிக்கொள்ளலாம். அதாவது கல்லுக்காகச் சாந்து உயிரைக் கொடுக்கிறது. அங்கே சிமென்டைப் பூசினால் எல்லாம் தலைகீழ். சிமென்ட் இறுகிப்போய் வழியை அடைக்கும், ஈரமும் உப்பும் கல்லின் முகத்தைத் தேடி வரும், கல் ஏடு ஏடாகப் பிரிந்து கொட்டும். நான் வேலை செய்த ஒரு தனியார் வீட்டில் முந்தைய ஒப்பந்தக்காரர் "உறுதியாக இருக்கட்டும்" என்று எல்லா இணைப்பிலும் சிமென்டைத் திணித்திருந்தார். நூற்றைம்பது ஆண்டு நின்ற சுவர் பதினைந்து ஆண்டில் மாவாகிவிட்டது. விரலால் தேய்த்தால் மணல்.

---

ஹரிஸ்பார்க் டீச்சர் எழுதியது:

தம்பி சுண்ணாம்புக்காரர் சொல்வது எல்லாம் சரி. ஆனால் ஒரு குழந்தைக்கு அது புரியுமா? அதனால்தான் நான் எப்போதும் இன்னொரு பழைய வீடான எலிசபெத் பண்ணைக்குக் கட்சி.

ஹரிஸ் பார்க்கில் தோசை சாப்பிட வருகிறவர்கள் பத்து நிமிடம் நடந்தால் போதும். ஜான், எலிசபெத் மக்கார்தர் தம்பதியருக்கு 1793-இல் நூறு ஏக்கர் கிடைத்தது, அதே ஆண்டு வீட்டைக் கட்டத் தொடங்கிவிட்டார்கள். 68 அடி நீளம், 18 அடி அகலம், மாடி கிடையாது, நான்கு அறை, ஒரு கூடம். ஜானே கடிதத்தில் பெருமையடித்துக்கொண்ட அளவுகள் இவை! ஆஸ்திரேலியாவில் இன்றும் எஞ்சியிருக்கும் மிகப் பழைய ஐரோப்பிய வீட்டின் பகுதிகள் அந்தச் சுவர்களுக்குள் இருக்கின்றன. உள்ளே இருக்கும் மேசை நாற்காலி எல்லாம் நகல்கள். அதனால் கயிறு கட்டித் தடுக்கவில்லை. உட்காரலாம், அலமாரியைத் திறக்கலாம், சாப்பாட்டு மேசையில் முழங்கை ஊன்றலாம். என் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துப் போனபோது அரை மணி நேரத்தில் அவர்கள் "விருந்தாளிகள்" ஆகிவிட்டார்கள்.

அந்த வராந்தாவில் உட்கார்ந்தால் எனக்குத் திண்ணை நினைவு வராமல் போனதில்லை. இது வெறும் ஊர்ப்பாசம் இல்லை. வராந்தா, பங்களா என்ற சொற்களை ஆங்கிலேயர் இந்தியாவில்தான் பொறுக்கினார்கள், வெயிலுக்குத் தாழ்ந்த கூரை போடும் வழக்கத்தையும் அங்கே பார்த்துத்தான் கற்றார்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஜான் மக்கார்தர் சண்டைக்காரர். சண்டையின் விளைவாக 1801 முதல் 1805 வரையும் 1809 முதல் 1817 வரையும் இங்கிலாந்தில் போய் உட்கார்ந்திருந்தார். அத்தனை ஆண்டும் மெரினோ ஆடுகளையும் கணக்கையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டது எலிசபெத். பாடப்புத்தகங்கள் நெடுங்காலம் கம்பளித் தொழிலின் தந்தை என்று அவரைத்தான் கொண்டாடின. வீட்டுக்காவது மனைவியின் பெயர் கிடைத்ததே!

---

கணக்கர் எழுதியது:

நகல் நாற்காலியில் உட்கார வைப்பதற்குக் கண்காட்சித் திடல் போதுமே அக்கா. அசல் வீடு எதற்கு?

---

ஹரிஸ்பார்க் டீச்சர் எழுதியது:

சுவர் அசல். தரை அசல். நாற்காலி மட்டும் நகல். உங்களை வகுப்பில் உட்கார வைக்கவேண்டும்.

---

வரலாற்றுப்பித்தன் எழுதியது:

இரண்டு வீடுகளையும் சேர்த்துப் பேசியதால் ஒரு சுவையான செய்தி. இவை இரண்டும் எதிரெதிர்க் கட்சி வீடுகள்!

1808 ஜனவரி 26 அன்று நியூ சவுத் வேல்ஸ் படைப்பிரிவு ஆளுநர் வில்லியம் பிளையைக் கைது செய்து ஆட்சியைப் பிடித்தது. பின்னணியில் கயிறு இழுத்தவர் மக்கார்தர். ரிச்சர்ட் ரவுஸ் பிளையின் ஆள். அதனால் கலகக்காரர்கள் அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள், மக்குவாரி ஆளுநராக வந்ததும் வேலை திரும்பக் கிடைத்தது. பிறகுதான் 450 ஏக்கர். கணக்கர் ஐயா "தூக்கிக் கொடுத்தார்" என்கிறார். நான் விசுவாசத்துக்குக் கிடைத்த பரிசு என்பேன். இரண்டுக்கும் பெரிய தூரம் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அந்த மேட்டுக்கு வீடு வருவதற்கு முந்தைய கதை இன்னும் பெரியது. 1804 மார்ச் 4 இரவு காசில் ஹில் அரசுப் பண்ணையில் அயர்லாந்துக் கைதிகள் கிளர்ந்தெழுந்தார்கள். தலைவர் பிலிப் கன்னிங்ஹாம், தொழிலில் கல்தச்சர் (சுண்ணாம்புக்காரர் கவனிக்க). மறுநாள் அவர்களைத் துரத்திப் பிடித்தவர் மேஜர் ஜார்ஜ் ஜான்ஸ்டன். பேச்சுவார்த்தைக்கு வந்த தலைவர்களைத் துப்பாக்கி முனையில் பிடித்துவிட்டு, படைக்குச் சுட உத்தரவிட்டார். பதினைந்து பேராவது அங்கேயே மாண்டார்கள், பிறகு ஒன்பது பேர் தூக்கில் தொங்கினார்கள். வினிகர் ஹில் சண்டை என்று பெயர். சட்டத்தைக் காக்க அன்று கைதிகளைச் சுட்ட அதே ஜான்ஸ்டன்தான் நான்கு ஆண்டு கழித்து ஆளுநரையே கைது செய்யப் படையோடு போனவர்.

சண்டை நடந்த துல்லியமான இடம் பற்றி வரலாற்றாசிரியர்களுக்குள் வாதம் உண்டு. ரவுஸ் ஹில் சுற்றுப்புறம் என்பதில்தான் பெரும்பாலோர் நிற்கிறார்கள். நினைவுச்சின்னத்தை 1988-இல் காசில்புரூக் மயானத்தில் வைத்தார்கள். ஆம், நம்மவர்கள் இறுதிக் கிரியைக்குப் போகும் அதே காசில்புரூக்தான். என் மாமாவின் கிரியை முடிந்து காருக்குத் திரும்பும்போதுதான் நான் அதை முதலில் பார்த்தேன். வேட்டியோடு நின்று கல்வெட்டைப் படித்துக்கொண்டிருந்த என்னை அத்தை திட்டித் தீர்த்தார்.

---

காரைவீட்டான் எழுதியது:

இதையெல்லாம் படிக்கும்போது செட்டிநாட்டில் தூணும் கதவும் தனித்தனியாக விலைபோவதுதான் நினைவுக்கு வருகிறது. அங்கே வீடுகளை இப்படிக் காப்பாற்ற ஒரு

---

நெறியாளர் எழுதியது:

காரைவீட்டான், பதிவு பாதியில் நிற்கிறது. செட்டிநாட்டுக்குத் தனி இழை ஏற்கெனவே ஓடுகிறது, அங்கே தொடருங்கள். இங்கே ரவுஸ் ஹில்.

---

தென்னவள் எழுதியது:

எல்லோரும் வீட்டைச் சுற்றியே பேசுகிறீர்கள். நிலத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே.

அது சிட்னி வட்டாரப் பூர்வகுடிகளான தாருக் மக்களின் நிலம். "முன்னோடி" என்ற சொல்லே எனக்குத் தொண்டையில் சிக்குகிறது. பல்லாயிரம் ஆண்டு மனிதர்கள் நடந்த தடத்தில் நடந்தவர் எப்படி முன்னோடி ஆவார்? மக்கார்தரின் வீடு எழுந்து நான்கே ஆண்டில், 1797-இல், பெமுல்வுய் என்ற பூர்வகுடித் தலைவர் தன் போராளிகளோடு பரமட்டாவுக்குள் வந்து படையோடு மோதினார். உடலில் குண்டுகள் பாய்ந்தும் பிழைத்தார், தப்பினார். 1802-இல்தான் அவரைச் சுட்டுக்கொல்ல முடிந்தது. எலிசபெத் பண்ணையின் வராந்தா திண்ணை போல இருக்கலாம் டீச்சர், ஆனால் அன்றைக்கு அது போர்முனைக்கு அருகே போட்ட திண்ணை.

இப்போது 1816-ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் மக்குவாரி அனுப்பிய படை அப்பின் என்ற இடத்தில் குறைந்தது 14 பூர்வகுடி மக்களைக் கொன்றது; பெண்களும் பிள்ளைகளும் அதில் உண்டு. மே மாதம் கோல்பி, நரஜிஞ்சி என்ற இரண்டு தாருக் ஆட்களுக்கு அதே மக்குவாரி நிலம் தருவதாக வாக்களித்தார். இருவருக்கும் சேர்த்து 30 ஏக்கர். அக்டோபரில் ரவுஸுக்கு 450 ஏக்கர், முறைப்படி (வீட்டு வேலை அதற்கு முன்பே தொடங்கியிருந்தது). மூன்றும் ஒரே ஆண்டு.

கோல்பி இன்று ஒரு புறநகரின் பெயர். ஸ்கோஃபீல்ட்ஸ்வாசிக்குப் பக்கத்து ஊர். நரஜிஞ்சி என்பது நாம் பிறந்தநாள் விருந்துக்கு இடம் பிடிக்கக் காலையில் ஓடும் பூங்கா. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் யார் என்று ஒரு விருந்திலாவது யாராவது கேட்டதுண்டா? நானும் கேட்டதில்லை, ஐந்தாறு முறை போன பிறகுதான் தேடிப் படித்தேன்.

---

கணக்கர் எழுதியது:

தென்னவள் என் வேலையை எனக்கே மேலாகச் செய்துவிட்டார். அப்படியென்றால் அந்த வீட்டை ஏன் காக்கவேண்டும் என்ற கேள்வி இன்னும் கூர்மையாகிறது, இல்லையா?

---

தென்னவள் எழுதியது:

இல்லை ஐயா, நான் அந்தப் பக்கம் வரமாட்டேன். வீட்டை இடித்தால் 450 ஏக்கர் தாருக் மக்களுக்குத் திரும்பிவிடாது. அடுக்கு வீடு வரும், அதற்கு ஒரு பூவின் பெயரை வைப்பார்கள், 1816 என்ற ஆண்டைப் பேசுவதற்குக்கூட ஓர் இடம் இருக்காது.

கட்டடம்தான் பாரம்பரியம் என்றும் நினைக்கவேண்டாம். பிளாக்டவுன் பூர்வகுடிப் பள்ளி இருந்த இடத்தைப் பாருங்கள். பெற்றோரிடமிருந்து பிரித்த பிள்ளைகளை வைத்திருந்த நிறுவனம். முதலில் பரமட்டாவில், பிறகு 1823 முதல் 1829 வரை ரிச்மண்ட் சாலையில். இன்று அங்கே போனால் புல்வெளி மட்டும்தான். ஒரு செங்கல் கண்ணில் படாது. ஆனாலும் மாநில மரபுப் பட்டியலில் இருக்கிறது, 2018-இல் அந்த நிலத்தைத் தாருக் மக்களிடமே திருப்பிக் கொடுத்தார்கள். அப்பின் படுகொலை நடந்த நிலத்தையும் 2022-இல் பட்டியலில் சேர்த்தார்கள். ரவுஸ் வீட்டையும் அந்தப் புல்வெளியையும் ஒரே நாளில் பாருங்கள். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் பாதிக் கதை.

---

சுண்ணாம்புக்காரர் எழுதியது:

கணக்கர் ஐயாவுக்கு ஒரு செய்தி. இங்கே பழைய இடங்களைக் காக்கும் மரபுச் சட்டத்துக்கு வழி கோலியவர்கள் பண்ணையார்கள் அல்லர். 1971-இல் ஹன்டர்ஸ் ஹில்லில் 13 பெண்கள் ஒரு சிறு காட்டைக் காப்பாற்றக் கட்டடத் தொழிலாளர் சங்கத்திடம் போனார்கள். சங்கம் "அங்கே எங்கள் ஆள் யாரும் வேலை செய்ய மாட்டான்" என்றது. பசுமைத் தடை என்று பெயர் வந்தது. சங்கத்தை நடத்திய ஜாக் மன்டியும் தோழர்களும் தங்கள் கூலியைத் தாங்களே இழந்து பல பழைய தெருக்களைக் காத்தார்கள். அந்த அலையில்தான் 1977-இல் நியூ சவுத் வேல்ஸ் மரபுச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே, 1978-இல், ரவுஸ் ஹில்லை அரசு எடுத்துக்கொண்டது. உழைப்பாளிகளின் கணக்கில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் தொழிலில் கண்ட வேறொன்றும் சொல்கிறேன். பழைய வீட்டைக் காப்பதில் பணத்தைவிடப் பணமுடைதான் கெட்டிக்காரி. ரவுஸ் குடும்பம் கடைசிவரை செழிப்பாக இருந்திருந்தால் அந்தச் சமையலறையைப் பத்துமுறை இடித்துக் கட்டியிருப்பார்கள். ரிச்சர்டின் கொள்ளுப்பேத்தி வழியில் டெர்ரி குடும்பத்துக்கு வந்தபோது கடன் வந்தது. நிலம் துண்டு துண்டாகக் கைமாறியது. புதிதாக வாங்க வக்கில்லை, அதனால் பழையதை எறியவில்லை. உடைந்ததைக் கட்டி வைத்தார்கள், கட்டியது அறுந்தால் மறுபடி கட்டினார்கள்.

எலிசபெத் பண்ணையும் அப்படித்தான். அதைக் காத்தவர்கள் மக்கார்தர்கள் அல்லர், 1904-இல் அதை வாங்கிய சுவான் குடும்பம். பெரிய குடும்பம். மகள்கள் படித்தவர்கள், ஊர் வரலாற்றில் ஈடுபாடு கொண்டவர்கள். 1968 வரை அறுபது ஆண்டுக்கு மேல் வைத்திருந்துவிட்டு ஓர் அறக்கட்டளைக்கு விற்றார்கள். இடிக்காமல் குடியிருந்ததே அவர்கள் செய்த பெரிய தொண்டு.

---

ஹரிஸ்பார்க் டீச்சர் எழுதியது:

சுவான் சகோதரிகளை நினைவுபடுத்தியதற்கு நன்றி தம்பி. நான் வகுப்பில் மெரினோ ஆட்டையே சொல்லிக்கொண்டிருந்தேன், இவர்களை விட்டுவிட்டேன். தென்னவள் சொன்ன போர்முனைத் திண்ணையும் மனதில் தைத்துவிட்டது. அடுத்த முறை வராந்தாவில் உட்கார்ந்து பெமுல்வுய் கதையைத்தான் முதலில் சொல்வேன்.

---

கணக்கர் எழுதியது:

என் கருத்து முழுவதும் மாறிவிட்டது என்று யாரும் மகிழ வேண்டாம். செலவைக் கேள்வி கேட்க ஓர் ஆள் வேண்டும், அது நானாகவே இருக்கட்டும். ஆனால் உழைத்தவர்களின் தடம் எங்கும் இல்லை என்று எழுதியது அவசரம். மாலை மகளோடு போய் வெளியே நின்று பார்த்தேன். சாலையிலிருந்து தெரிவதெல்லாம் பெரிய வீடுதான். பின்னால் பலகைக் கொட்டகைகள் உண்டா?

---

சுண்ணாம்புக்காரர் எழுதியது:

உண்டு. லாயம், கொட்டகைகள், வேலையாட்கள் புழங்கிய இடம் எல்லாம் பின்பக்கம். பக்கத்தில் 1888-இல் கட்டிய பள்ளிக்கூடம். வின்ட்சர் சாலையின் பழைய தடத்தில் ஒரு துண்டும் இப்போது வளாகத்துக்குள்ளேயே கிடக்கிறது, புதிய சாலையைச் சற்றுத் தள்ளிப் போட்டதால். அந்தத் தார்த்துண்டில் நின்றால் எனக்கு வீட்டைவிட அதுவே பிடிக்கிறது. காரணம் கேட்காதீர்கள்.

---

ஸ்கோஃபீல்ட்ஸ்வாசி எழுதியது:

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. எல்லோருக்கும் நன்றி.

நேற்று இரவு இளையவனிடம் சொன்னேன்: "அவர்கள் சுத்தம் செய்யாததற்குக் காரணம், ஆறு தலைமுறையும் விட்டுப்போனது விட்டுப்போனபடி இருக்கட்டும் என்பதுதான்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்படியென்றால் என் அறையையும் அம்மா தொடக்கூடாது" என்றான். அவன் அம்மா உங்கள் அனைவர்மீதும் கோபமாக இருக்கிறார்.

மறுபடி போகிறோம். காலையில் ரிச்மண்ட் சாலைப் புல்வெளி, பிறகு ரவுஸ் ஹில், மாலையில் எலிசபெத் பண்ணை. வரும் சனிக்கிழமை திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு இங்கேயே எழுதுகிறேன். சுண்ணாம்புக்காரர் வந்தால் சுவரைக் காட்டிச் சொல்லுவார். கணக்கர் ஐயா டிக்கெட் கணக்கைப் பார்த்துக்கொள்ளட்டும்.

---

கணக்கர் எழுதியது:

வருகிறேன். தோசை டீச்சர் செலவு.